ஒளிந்திருக்கும் பிரியான்... ஒளிரும் நானோ துகள்!

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் 1970-களின் நடுவில் நடந்தது இது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற வந்த இரண்டு இளம் நோயாளிகள். ஒருவருக்கு 23 வயது, இன்னொருவருக்கு 17. வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்க, மெல்லிய மின்முனைகளை உள்ளே செருகினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் இருவருக்குமே க்ரூட்ஸ்ஃபெல்ட் - ஜேக்கப் நோய் வந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஜே.டி. என்பார்கள். பெரும்பாலும் முதியவர்களை, அதுவும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேரை மட்டுமே பிடிக்கும் நோய் அது. ஒரே இடத்தில் சிகிச்சை பெற்ற இரண்டு இளைஞர்களுக்கு எப்படி வந்தது?

பழைய ஏடுகளைப் புரட்டியபோது விடை கிடைத்தது. அதே மின்முனைகள் அதற்கு முன் ஒரு சி.ஜே.டி. நோயாளியின் மூளையில் இருந்திருக்கின்றன. சுத்தம் செய்யாமலா பயன்படுத்தினார்கள்? இல்லை. ஆல்கஹால் போட்டு, ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்து, அன்றைய விதிப்படி எல்லாம் செய்திருந்தார்கள். பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த மின்முனைகளை வாங்கி ஒரு சிம்பன்சியின் மூளையில் செருகிப் பார்த்தார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது, இடையில் பலமுறை சுத்தமும் செய்யப்பட்டிருந்தது. பதினெட்டே மாதத்தில் சிம்பன்சிக்கும் நோய் வந்தது.

ஒரு பாக்டீரியா இப்படிப் பிழைக்காது. வைரஸும் பிழைக்காது. அந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது பிரியான். அதைக் கண்ணில் காட்டும் சோதனை எதுவும் அன்று உலகில் இல்லை. இன்று, சில நானோமீட்டர் அளவே உள்ள ஒளிரும் துகள்களைக் கொண்டு அதைப் பிடிக்க முயல்கிறார்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?

உயிரே இல்லாத தொற்று

பிரியான் என்பது வெறும் புரதம். அதில் டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. இல்லை. இந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணு நம் எல்லோருடைய இருபதாவது குரோமோசோமிலும் இருக்கிறது. நரம்புச் செல்களின் மேற்பரப்பில் அது சாதுவாக உட்கார்ந்திருக்கும். மடிப்பு பிசகும்போதுதான் வினை. பிசகி மடிந்த ஒரு புரதம் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடித்துவிடும். அது அடுத்ததை மடிக்கும். இப்படிக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, கடைசியில் மூளைத் திசு பஞ்சுபோல ஓட்டை விழுந்து போகும்.

1982-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி புரூசினர் இதைச் சொல்லி, 'பிரியான்' என்று பெயரும் சூட்டியபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. மரபுப் பொருளே இல்லாமல் ஒன்று எப்படித் தொற்றும் என்று கேட்டார்கள். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகமே இந்தப் புரதத்தைக் கண்டு நடுங்கத் தொடங்கியிருந்தது.

பிரிட்டனில் 1986-ல் மாடுகளுக்கு விநோதமான நோய் வந்தது. தள்ளாடின, மிரண்டன, விழுந்தன. செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துப் புரதத் தீவனமாக மாடுகளுக்கே போட்டதுதான் நோய் இப்படிப் பரவக் காரணம். புல் தின்னும் பிராணிக்கு மாமிசம் ஊட்டிய அந்த லாபக் கணக்கை என்னவென்று சொல்வது! 1990-ல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்குப் பர்கரை நீட்டி, மாட்டிறைச்சியால் ஆபத்து இல்லை என்று காட்டினார். 1996 மார்ச் 20 அன்று, மனிதர்களுக்கு வந்திருக்கும் புதுவகை சி.ஜே.டி.க்கு மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு 'மேட் கவ்' நோய் உறுதியானது. புதுவகை சி.ஜே.டி.யால் அங்கே இறந்தவர்கள் 178 பேர். அவர்களில் பலர் இளைஞர்கள்.

ஏன் பிடிபடுவதில்லை?

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் பாதி டாக்டர் ஆகிவிட்டோம். பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கிறது. ஆன்டிபாடி சோதனை நம் உடலின் எதிர்ப்பைப் பார்க்கிறது என்று தெருமுனை டீக்கடையிலேயே பேசிக்கொண்டோம். பிரியானிடம் இந்த இரண்டு வழியும் செல்லாது. மரபுப் பொருள் இல்லாததால் பி.சி.ஆர். எடுக்க முடியாது. அது நம் சொந்தப் புரதம் என்பதால் உடல் அதை எதிரியாகவே நினைப்பதில்லை, ஆன்டிபாடியும் உண்டாவதில்லை.

மூன்றாவது சிக்கல்தான் எல்லாவற்றிலும் கொடியது. நல்ல புரதமும் கெட்ட புரதமும் ஒரே அமினோ அமில வரிசை கொண்டவை. மடிப்பு மட்டும்தான் வேறு. ஒன்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் இன்னொன்றையும் பிடித்துவிடும். ரத்தத்தில் நல்லது ஏராளம், கெட்டது மிகச் சொற்பம். பழைய சோதனைகள் புரோட்டினேஸ்-கே என்ற நொதியை ஊற்றி நல்ல புரதத்தைச் செரிக்கவைத்துவிட்டு, செரியாமல் எஞ்சுவதைக் கெட்டது என்று கணக்கெடுக்கும். ஐரோப்பாவில் 2001 முதல் உணவுக்காக அறுக்கப்பட்ட வயதான மாடுகளை இந்த முறையில்தான் சோதித்தார்கள். மூளைத் தண்டிலிருந்து ஒரு துண்டு வேண்டும். அதாவது மாடு செத்த பிறகுதான் சோதனை. மனிதர்களிடம் இந்த வழி உதவாது.

எவ்வளவு சிறிய ஒன்றைத் தேடுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹாமில்டன் என்ற சிற்றூரில் இருக்கும் ராக்கி மவுன்டன் ஆய்வகம், பிரியான் கொத்துகளை அளவுவாரியாகப் பிரித்து, எது அதிகம் தொற்றுகிறது என்று 2005-ல் பார்த்தது. மிக வீரியமானவை 17 முதல் 27 நானோமீட்டர் அளவே இருந்தன; ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 14 முதல் 28 புரத மூலக்கூறுகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். நானோ துகள்களின் உலகமும் இதே அளவுதான். ஆள் சைஸுக்கு ஆள் சைஸ் சரியாக இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை.

காந்தம் ஒரு பக்கம், ஒளி ஒரு பக்கம்

சாதாரண ஒளிர்சாயங்களுக்கு இரண்டு குறைகள். ஒரு மூலக்கூறு தரும் வெளிச்சம் சொற்பம். கொஞ்ச நேரம் லேசர் பட்டாலே வெளுத்துப்போகும். இதற்கு மாற்றாக இரண்டு வகைத் துகள்கள் வந்தன. ஒன்று, குவான்டம் புள்ளி. கேட்மியம் செலினைடு போன்ற குறைக்கடத்தியால் ஆன படிகம். ஒரே பொருள்தான் என்றாலும் அளவைப் பொறுத்து நிறம் மாறும். 2 நானோமீட்டர் என்றால் நீலம், 6 நானோமீட்டரை நெருங்கும்போது சிவப்பு. எளிதில் வெளுக்காது. இந்தப் புள்ளிகளுக்காகத்தான் 2023-ன் வேதியியல் நோபல் பரிசை பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவர் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வகை, சாயம் அடைத்த சிலிக்கா உருண்டை. ஒரே உருண்டைக்குள் ஆயிரக்கணக்கான சாய மூலக்கூறுகள் அடைந்திருப்பதால் வெளிச்சம் பல மடங்காகும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வெய்ஹாங் டான் குழு 2004-ல் இந்த உருண்டைகளை வைத்து, இருபதே நிமிடத்தில் ஒற்றை ஈ-கோலை பாக்டீரியாவைக்கூடக் கண்டுபிடித்துக் காட்டியது.

பிரியானுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? சீனாவின் சோங்சிங்கில் உள்ள தென்மேற்குப் பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட முறை நல்ல எடுத்துக்காட்டு. ஆன்டிபாடிக்குப் பதில் 'ஆப்டமர்' எனப்படும் சிறு மரபிழைகளை எடுத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட புரதத்தின் குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக்கொள்ளும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட இழைகள் இவை. பிரியான் புரதத்தின் ஓரிடத்தைப் பிடிக்கும் முதல் ஆப்டமரைக் காந்தத் துகளில் ஒட்டினார்கள். வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவதைக் குவான்டம் புள்ளியில் ஒட்டினார்கள். மாதிரியில் இரண்டையும் கலந்தால், பிரியான் நடுவில் சிக்கிக்கொள்ளும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், சிக்கியதெல்லாம் சுவரோரம் ஒதுங்கும். மிச்சத்தைக் கழுவி ஊற்றிவிடலாம். பிறகு புற ஊதா ஒளி பாய்ச்சினால், ஒதுங்கிய இடம் பளிச்சிடும். பிரியான் இல்லையென்றால் குவான்டம் புள்ளிகள் கழுவிய நீரோடு போயிருக்கும், ஒளி இருக்காது.

அழகான யோசனைதான். ஆனால் ஆய்வகத்தில் மூளைத் திசுக் கரைசலில் வேலை செய்வது வேறு, உயிரோடு இருப்பவரின் ரத்தத்தில் வேலை செய்வது வேறு. ரத்தத்தில் ஆயிரம் புரதங்கள் மிதக்கின்றன. துகளின் மேல் எது வேண்டுமானாலும் ஒட்டும். ஒட்டிய இடமெல்லாம் ஒளிரும். வெளிச்சம் போடுவது எளிது, சரியான இடத்தில் மட்டும் போடுவதுதான் பாடு.

இதற்கு ஜெர்மனியில் முன்பே இன்னொரு புத்திசாலித்தனமான வழி கண்டிருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் மான்ஃப்ரெட் ஐகனின் பங்களிப்போடு 2000-ல் வெளிவந்த ஆய்வு அது. இரு நிறச் சாயங்கள் பூசிய இரண்டு ஆன்டிபாடிகளை மாதிரியில் விட்டார்கள். லேசர் கற்றை துளித்துளியாக மாதிரியை வருடிச் செல்லும். தனித்தனியாக மிதக்கும் நல்ல புரதம் மங்கலாகத் தெரியும். கெட்ட புரதம் கொத்தாக இருப்பதால் அதன்மேல் இரண்டு நிறமும் ஏராளமாக ஒட்டி, ஒரே கணத்தில் இரண்டு நிறத்திலும் வெட்டி மின்னும். மடிப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்கள். சி.ஜே.டி. நோயாளிகளின் தண்டுவட நீரில் இந்த மின்னல்கள் தெரிந்தன. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் தெரியவில்லை. பிரியான் அவ்வளவு குறைவாக இருந்தது.

தேடாதே, பெருக்கு!

பாதை திரும்பியது இந்த இடத்தில்தான். இருப்பதைத் தேடிக்கொண்டிருப்பதற்குப் பதில், பெருகவைத்துப் பார்க்கலாமே என்று 2001-ல் கிளாடியோ சோட்டோ குழு வழிகாட்டியது. ஒரு ஸ்பூன் உறைமோர் ஒரு குடம் பாலையும் தயிராக்கிவிடுவதுபோல, துளி பிரியான் இருந்தாலும் அது தன்னைச் சுற்றியுள்ள நல்ல புரதத்தை எல்லாம் மாற்றிவிடும் அல்லவா? அந்தக் குணத்தையே சோதனையாக மாற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்து, ஜப்பான் ஆய்வாளர்களும் ராக்கி மவுன்டன் ஆய்வகமும் செம்மைப்படுத்தியதுதான் இன்று உலகெங்கும் பயன்படும் 'ஆர்.டி. குவிக்'.

செய்முறை எளிமையானது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் பாக்டீரியாவில் உற்பத்தி செய்த நல்ல பிரியான் புரதம். கூடவே தயோஃப்ளேவின்-டி என்ற சாயம். அதில் நோயாளியின் தண்டுவட நீரைச் சில மைக்ரோலிட்டர் விடுவார்கள். இயந்திரம் ஒரு நிமிடம் குலுக்கும், ஒரு நிமிடம் ஓயும், மறுபடி குலுக்கும். இது மணிக்கணக்கில் நடக்கும். மாதிரியில் பிரியான் இருந்தால் குழியில் உள்ள புரதம் உருமாறி இழை இழையாகத் திரளும்; அந்த இழையில் சாயம் சிக்கியதும் ஒளிரும். கணினித் திரையில் தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோடு சட்டென்று மேலேறும். சி.ஜே.டி. உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் இந்தச் சோதனை சரியாகச் சொல்லிவிடுகிறது. நோய் இல்லாதவரை நோயாளி என்று சொல்வது மிக அரிது. 2014-ல் மூக்கின் உட்புறத்தைத் தூரிகையால் வருடி எடுத்த செல்களிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

அப்படியானால் நானோ துகளுக்கு வேலை முடிந்ததா? அங்கேதான் ஒரு திருப்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பீட்டர் லார்சன், சாங்-ஹியூன் ஓ குழுவினர் ஆர்.டி. குவிக் குழியில் 50 நானோமீட்டர் சிலிக்கா உருண்டைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பதினான்கு மணி நேரம் எடுத்த சோதனை நான்கு மணி நேரத்தில் முடிந்தது, நுண்ணுணர்வும் பத்து மடங்கு கூடியது. 2023-ல் வெளியான இந்த முறைக்கு 'நானோ குவிக்' என்று பெயர். இதில் ஒளிர்வது சாயம். துகளின் வேலை பிரியானுக்கு ஒரு மேடை போட்டுத் தருவது. தனி ஆளாக வெற்றிபெற முடியாத நானோ துகள், பெருக்கும் முறையோடு கூட்டணி வைத்து வென்றிருக்கிறது. என் கணிப்பில் இந்தத் துறையின் எதிர்காலம் இந்தக் கூட்டணியில்தான்.

லண்டனில் ஜான் காலின்ஜின் குழு பிரியானின் ஒட்டும் குணத்தையே அதற்கு எதிராகத் திருப்பியது. ஜூரிச் மின்முனையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலோகத்தில் பிரியான் விடாப்பிடியாக ஒட்டும். எனவே ரத்தத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தூளைப் போட்டுக் குலுக்கி, தூளில் ஒட்டியதைச் சோதித்தார்கள். 2011-ல் வெளியான முடிவில், புதுவகை சி.ஜே.டி. உள்ள 21 பேரில் 15 பேரின் ரத்தத்தில் பிடிபட்டது.

மான்களுக்கு முதல் பந்தி

வேகமான சோதனைக்கு இன்று அதிகம் தவிப்பது மருத்துவமனை என்று நினைத்தால், அமெரிக்கக் காடுகளைப் பாருங்கள். 1967-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மான்கள் மெலிந்து, எச்சில் ஒழுக, தலை தொங்கிச் செத்தன. அதுவும் பிரியான் நோய்தான் என்று ஆய்வாளர் பெத் வில்லியம்ஸ் 1970-களின் இறுதியில் கண்டறிந்தார். இன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில், கனடாவில், தென் கொரியாவில் இருக்கிறது. 2016-ல் நார்வேயின் காட்டுக் கலைமான்களிடமும் தென்பட்டது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

மான் வேட்டை அங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை. பல குடும்பங்களுக்குக் குளிர்கால இறைச்சி அதுதான். சுட்ட மானின் தொண்டைப் பகுதி நிணநீர் முடிச்சை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறையவைத்துக் காத்திருக்க வேண்டும். இந்த நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைத் தின்னாதீர்கள் என்பதே அரசின் அறிவுரை. மேட் கவ் விஷயத்தில் பத்தாண்டு கழித்து உண்மை தெரிந்ததே, யார் துணிந்து சாப்பிடுவார்? அதே மினசோட்டா குழு தங்க நானோ துகள்களைச் சேர்த்து, கரைசலின் நிறம் மாறுவதை வெறுங்கண்ணால் பார்த்தே சொல்லும் முறையையும் 2022-ல் வெளியிட்டது. பெரிய ஒளிமானி இல்லாமல், காட்டோரத்தில் வைத்தே செய்யலாம்.

லண்டனில் இருந்தவர்களின் ரத்தம்

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. புதுவகை சி.ஜே.டி. ரத்தம் ஏற்றுவதாலும் தொற்றக்கூடும் என்ற அச்சம் 1990-களின் இறுதியிலேயே எழுந்தது; பின்னர் பிரிட்டனில் அது உறுதியும் ஆனது. ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. எனவே பல நாடுகள், 1980 முதல் 1996 வரை பிரிட்டனில் சில மாதங்கள் இருந்தவர்களிடம் ரத்தமே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன. 1983-க்குப் பிறகு லண்டனில் தஞ்சம் புகுந்து, பின்னர் டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் குடிபெயர்ந்த ஈழத் தமிழர்கள் இந்த வலையில் சிக்கினார்கள். தானம் செய்யப் போனவர்களைப் படிவத்தின் ஒரே கேள்வி திருப்பி அனுப்பியது. 2022-ல் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், 2023 இறுதியில் கனடாவும் தடையை நீக்கின. புதிய சோதனை வந்ததால் நீக்கவில்லை. புதிய நோயாளிகள் வராததால் நீக்கினார்கள்.

ஏன் சோதனை வரவில்லை? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேருக்குச் செய்தால், நோயே இல்லாத பத்தாயிரம் பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். உண்மையான நோயாளி ஒன்றிரண்டு பேர். மருந்து இல்லாத, நிச்சய மரணம் தரும் நோய் இருப்பதாகப் பத்தாயிரம் குடும்பங்களிடம் தவறாகச் சொல்லும் தைரியம் எந்த ரத்த வங்கிக்கு வரும்? இதைவிடச் சங்கடமான உண்மை ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் அறுவை சிகிச்சையில் அகற்றிய 32,441 குடல்வால்களைச் சோதித்ததில் 16-ல் கெட்ட பிரியான் இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒருவர். ஆனால் நோய் வந்தவர்களோ 178 பேர்தான். பிரியான் இருப்பதும் நோய் வருவதும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

முன்கூட்டிக் கண்டறிய முடியும் என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது. 2016-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், பின்னாளில் புதுவகை சி.ஜே.டி. வந்த இருவரின் சேமித்துவைத்த பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அறிகுறி தொடங்குவதற்கு 1.3 ஆண்டுக்கு முன்பும், 2.6 ஆண்டுக்கு முன்பும் எடுத்த ரத்தம். இரண்டிலும் பிரியான் பிடிபட்டது. அந்த இரண்டரை ஆண்டில் என்ன செய்வது என்பதற்குத்தான் விடை வேண்டும். அமெரிக்காவில் சோனியா வல்லப் என்பவர், தாயைப் பரம்பரைப் பிரியான் நோய்க்குப் பறிகொடுத்து, தனக்கும் அதே மரபணு மாற்றம் இருப்பதை 2011-ல் அறிந்ததும், வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு விஞ்ஞானியானார். கணவர் எரிக் மினிக்கெலும் கூடவே வந்தார். பிரியான் புரத உற்பத்தியையே குறைக்கும் மருந்துக்காக உழைக்கிறார்கள். அந்த வகை மருந்து ஒன்றின் மனிதச் சோதனை இப்போது நடக்கிறது. மருந்து வந்துவிட்டால், இன்று ஆய்வகத்தில் தூங்கும் பல சோதனைகளுக்கு ஒரே நாளில் உயிர் வந்துவிடும்.

இந்தியாவில் மேட் கவ் நோய் கண்டறியப்பட்டதில்லை. ஆனால் தானாக வரும் சி.ஜே.டி.க்கு நாட்டு எல்லை கிடையாது, இங்கும் வருகிறது. வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நினைவும் நடையும் ஆண்டுக்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் குலைந்தால், கை கால் திடுக்கிட்டுத் துள்ளினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தண்டுவட நீர்ச் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். அச்சு அசலாக சி.ஜே.டி. போலவே தோன்றும் சில மூளை அழற்சி நோய்கள் உண்டு. அவற்றுக்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாக வாய்ப்பு உண்டு.